பெட்டி மேல் எழுதியிருந்தது

பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. திருவொற்றியூரிலிருந்து மணலிப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் கிடங்கு. அங்கே நான் டாலி கிளார்க். கன்டெய்னர் கதவைத் திறந்து அட்டைப்பெட்டிகளை இறக்கும்போது பக்கத்தில் நின்று, காகிதத்தில் இருப்பதும் பெட்டியில் அச்சடித்திருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். குடைப் படம் போட்டிருந்தால் நனையக் கூடாது, கண்ணாடிக் கிளாஸ் போட்டிருந்தால் உடையும். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். "இவங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று சூப்பர்வைசரே நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஆறு மாசம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தேன். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அப்போது சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் மெக்கானிக். போன வருஷம் கிரேன் ஏணியில் கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பு இரண்டாகப் போனது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் கையில் தடியைக் கொடுத்து, "நடந்தா கால் உங்களுது, நடக்கலன்னா கம்பி மட்டும்தான் மிச்சம்" என்றார். பிசியோதெரபி சொல்லிக் கொடுக்க ஒருவர் வாரம் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். இவர் நடக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான்.

விழுவதற்கு முன்னால் இவர் வாயை மூடி நான் பார்த்ததில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதை விடுவார். சர்ச்சில் பூசைக்குப் போனால் பாட்டுப் பாடுகிறவர்களைவிட இவர் குரல்தான் மேலே கேட்கும். அப்படிப்பட்ட மனுஷன் "தண்ணி" என்றும் "வேணாம்" என்றும் மட்டும் பேசினார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்துதான் வரும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, அவரைத் துடைத்து, உடுத்தி, ஓடிப்போய் ரயில் பிடிப்பேன். பொட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்று சொல்லி வைத்தவன் யாரோ, எங்கள் வீட்டில் இவர் விழுந்ததிலிருந்து எட்டு மாசமும் பொட்டைக்கோழிதான் பொழுதை விடிய வைத்தது.

அவருடன் ஒரே கிரேனில் இருபது வருஷம் வேலை பார்த்த சினேகிதர் ஒருவர் ரிட்டையராகித் தூத்துக்குடிப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். அங்கே கோழி வளர்க்கிறார். விஷயம் கேள்விப்பட்டு ஃபோன் செய்தார். இவர் ஃபோனை வாங்கவில்லை. நான்தான் பேசினேன்.

"தங்கச்சி, அவன் சும்மா கெடந்தாம்னா மூளை துருப்பிடிச்சிரும். மூணு கோழிக்குஞ்சு அனுப்புதேன். நல்ல பெருவெட்டுக் கோழி. கையில குடு. பேசுதானா இல்லியான்னு பாரு" என்றார்.

எங்களுடையது இரண்டாவது மாடி வாடகை வீடு. மேலே மொட்டை மாடி. கீழே வீட்டுச் சொந்தக்கார அக்கா. கோழி வளர்ப்பதென்றால் அவரைக் கேட்காமல் முடியாது. கேட்டேன். அக்காவுடைய வீட்டுக்காரருக்கு பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் நைட் டூட்டி. காலையில் ஆறு மணிக்கு வந்து படுப்பார். முன்பு எங்கள் வீட்டில் குடியிருந்தவர்கள் ஒரு சேவல் வளர்த்து, அது நாள் பூராவும் கூவி, அந்த மனுஷன் தூக்கமில்லாமல் ரத்தக் கொதிப்பு வரைக்கும் போயிருக்கிறது.

"உன் வூட்டுக்காரரு கெடக்குற கெடைக்கு நான் வேணான்னு சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "பொட்டைன்னா வெச்சிக்கோ. கூவற ஜாதின்னு தெரிஞ்சிது, அன்னிக்கே கொழம்பு. அப்பால என்னாண்ட பேஜாரு பண்ணக் கூடாது."

உடனே சினேகிதரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அண்ணே, பொட்டையா பார்த்து அனுப்புங்க! ஆணா பொண்ணான்னு பெட்டி மேல எழுதிடுங்க! பெட்டி மேல!"

"எழுதிருதேன், எழுதிருதேன்" என்றார்.

மூன்றாம் நாள் விடிகாலை பஸ்ஸில் டிரைவர் கையில் பெட்டி வந்தது. நானே போய் வாங்கினேன். பழைய பிஸ்கட் பெட்டி, மூடியில் காற்றுக்குச் சின்னச் சின்ன ஓட்டை. உள்ளே மூன்றும் கத்திக்கொண்டிருந்தன. ஆட்டோவில் உட்கார்ந்து மடியில் வைத்து மூடியைப் பார்த்தேன். நீல மார்க்கரில் பெரிசாக எழுதியிருந்தது: மேல்.

மேல் என்றால் சேவல். ஹார்பர்க்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆயில் பைப்பை இணைக்கிற சாமானைக்கூட என் வீட்டுக்காரர் மேல், ஃபீமேல் என்றுதான் சொல்வார். உள்ளே போகிறது மேல், வாங்கிக்கொள்கிறது ஃபீமேல். போதாததற்கு எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு காற்று ஓட்டையிலிருந்து சாய்வாக ஓர் அம்புக்குறி வேறு கிளம்பியது. வட்டமும் அம்பும், பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் ஆணுக்குப் போடுகிற அதே குறி. மனுஷன் இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியிருக்கிறார், ஆனால் நான் கேட்டதற்கு நேர் எதிராக அனுப்பியிருக்கிறார் என்று திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவதாக முடிவு. ஒரு நாளாவது இவர் பார்க்கட்டும் என்று மூன்றையும் எடுத்துக் கட்டிலில் விட்டேன். இரண்டு குஞ்சு அவர் லுங்கி மடிப்பில் போய் நுழைந்தன. ஒன்று மட்டும், கறுப்பு உடம்பும் தவிட்டு நிறத் தலையுமாக இருந்தது, அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து நடுங்கியது. இவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"இதுக்குக் குளுருதுமே" என்றார். "ஒரு பல்பு மாட்டு. குண்டு பல்பு."

இரண்டு மாசத்தில் அவராகப் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். பிறகு பெட்டி மூடியைக் கிழித்துப் பரணில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் குடில் சாமான்களுக்கும் பின்னால் செருகினேன். தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் எழுத்து உள்ள அட்டையை எறிகிற பழக்கம் என் தொழிலில் கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா படியில் நின்று கேட்டார். "இன்னா, எல்லாம் பொட்டைதானே?"

"பொட்டைதான்க்கா" என்றேன். பொய் ஒன்று.

முதல் வாரத்தில் ஒரு குஞ்சு தானாகச் செத்தது. இன்னொன்றை ஜன்னலோரம் வெயிலுக்கு வைத்தபோது காக்கா தூக்கிப் போனது. அதைத் துரத்தத்தான் இவர் முதல் முறையாகத் தடியில்லாமல் எழுந்து நின்றார், நின்றுவிட்டுத்தான் தான் நிற்கிறோம் என்று தெரிந்து கட்டிலைப் பிடித்தார். மிஞ்சியது கறுப்பு மட்டும். அதற்கு ராகியை ஊற வைப்பார், வெங்காயத் தாளைப் பொடியாக நறுக்குவார், ஹாலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அதன் பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு போவார். பிசியோதெரபிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அப்படியே பண்ணுங்க சார்" என்று தன் பயிற்சித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இது ஒரு நாள் கூவும். கூவிய அன்றைக்குக் கொழம்பு, இல்லாவிட்டால் யாருக்காவது தூக்கிக் கொடுக்க வேண்டும். இவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். இது எனக்கு மட்டும் தெரியும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியிலும் பயம், வீட்டிலும் பயம், ரயிலில் சேவல் ரிங்டோன் அடித்தால்கூடப் பயம்.

பெட்டியில் எழுதியது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. கேட்ட இடத்திலெல்லாம் கேட்டேன். எங்கள் ஆபீஸில் ஒருத்தி, குஞ்சுக்கு மேலே செயினைத் தொங்கவிட்டால் வட்டமாகச் சுற்றினால் பெண், நேராக ஆடினால் ஆண் என்றாள். என் கைக்கு வந்தது ஜெபமாலைதான். மாதா மன்னிக்கட்டும், அதைத்தான் தொங்கவிட்டேன். நேராக ஆடியது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் தலையை நிமிர்த்துவது சேவல், தொங்கவிடுவது பொட்டை என்று இன்னொருத்தி. தூக்கினேன். நிமிர்த்தி என்னையே முறைத்தது. அந்நேரம் பார்த்து இவர் குளியலறையிலிருந்து வந்தார்.

"இன்னாமே பண்ற அத்த?"

"கால்ல முள்ளு கிள்ளு குத்தியிருக்கான்னு பாக்குறேன்யா."

"தலைகீழா புடிச்சிக்கினா?"

என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாசத்தில் வீடு கலீஜாகிவிட்டது. கோழியை மொட்டை மாடிக்கு மாற்றினோம். மீன் இறக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே கல் வைத்து, அதுதான் வீடு. மாடிக்குப் பதினெட்டுப் படி. இவர் முதல் நாள் நாலு படி ஏறித் திரும்பினார். பத்தாம் நாள் மேலே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் தூங்கும்போது, கோழியைக் கட்டைப்பையில் போட்டு மார்க்கெட் கறிக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். தினமும் நூறு கோழி பார்க்கிற ஆள், சொல்லிவிடுவார் என்று நினைப்பு.

"சேவலா பொட்டையா, பார்த்து சொல்லுப்பா."

அவர் பையை விரித்து எட்டிப் பார்த்தார். "அறுத்தா தெரிஞ்சிடும்க்கா."

"அறுக்காம சொல்லு."

அவர் அதை வெளியே எடுத்து நிறுத்தினார். அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரவுடி மாதிரி நின்றது. "இது பெருவெட்டுக்கா. இதுல பொட்டையே ஆம்பளை கணக்கா காலை நீட்டிக்கினு நிக்கும். இன்னும் ஒரு மாசம் போவட்டும். இடுப்பாண்ட ஊசி கணக்கா கூரா இறகு தொங்குச்சின்னா சேவ. மழுங்கலா இருந்தா பொட்டை. அவ்ளோதான்."

நல்ல வார்த்தை சொன்னார், என் காதில்தான் ஏறவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும்போது கறிக்கடைக்காரர் என்ன சொல்வது? அதற்கப்புறம் வேலை விட்டு வந்ததும் மாடிக்குப் போய், ஃபோன் டார்ச் அடித்து அதன் இடுப்பு இறகைப் பார்ப்பேன். மழுங்கலாக இருப்பது போலத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் கூராகத் தெரியும். பார்க்கப் பார்க்க ஒவ்வோர் இறகும் ஊசியாகிவிடும்.

அக்கா மாடிக்குத் துணி காயப்போட வந்தபோது கேட்டார். "இன்னாடி, பொட்டைன்ற, காலு இம்மாம் நீட்டா கீது?"

"ஊர்க் கோழிக்கா. அந்தப் பக்கத்துல அப்படித்தான்." பொய் இரண்டு.

ஐந்து மாசம் முடிந்தபோது கொண்டை சிவக்கத் தொடங்கியது. முகமும் சிவந்தது. எனக்கு இரவில் தூக்கம் போயிற்று. இவருக்கோ என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, நான் எழுவதற்கு முன்னாலேயே, நாலரை மணிக்கே எழுந்து தடியை ஊன்றி மாடிக்குப் போக ஆரம்பித்தார். போய்விட்டு வந்து படுப்பார், ஏழு மணிக்கு மறுபடி போவார். கோழி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன். பாசம் கூடக் கூட எனக்குத் திகில் கூடியது. செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாள் ஜெபத்துக்குப் போய், எல்லாரும் கல்யாணத்துக்கும் வேலைக்கும் வேண்டும்போது, நான் மட்டும் ஒரு சேவல் கூவக் கூடாதென்று வேண்டினேன். அதிசயம், அது கூவவும் இல்லை. நவநாளின் மகிமை என்று மெழுகுவர்த்தி ஒன்றுக்கு இரண்டாக ஏற்றினேன்.

"கொண்டை செவந்துகினு வருது. மெய்யாலுமே பொட்டையா?" என்றார் அக்கா, என் கண்ணை நேராகப் பார்த்து.

"சத்தியமா பொட்டைக்கா."

மூன்று. சொல்லி முடித்ததும் எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த அந்தச் சீடரின் நினைப்பு வந்தது, சேவல் கூவுவதற்கு முன்னால் தன் குருவைத் தெரியாதென்று மூன்று தரம் பொய் சொல்லிவிட்டுப் பிறகு வெளியே போய் அழுதவர். அவருக்காவது சேவல் உடனே கூவியது, அழுது முடித்துவிட்டார். எனக்குக் கூவவும் மாட்டேன் என்கிறது.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. முதுகில் கை வைத்தால் கோழி இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு தரையாகப் பதுங்கியது. ரவுடி மாதிரி நின்ற உருப்படி இப்படிப் பணிந்து போகவே, நோய் வந்துவிட்டதோ என்று எனக்குக் கவலை. முட்டைக்கு வந்த கோழிதான் அப்படிப் பதுங்கும் என்று இப்போது தெரிகிறது. முழுப் பூசணிக்காய் கண்ணெதிரே கிடந்தது, நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எட்டரை மணிக்குத் தெருவுக்குள் வருகிறேன், எங்கள் மாடியிலிருந்து கோழிச் சத்தம். ஒரு தரம் இல்லை, விடாமல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. கீழ் வீட்டில் நைட் டூட்டி முடித்த மனுஷன் படுத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். கதவு திறக்கிற சத்தம் கேட்டது, அக்காவின் குரலும் கேட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன்.

இவர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். தடி ஒரு கையில், இன்னொரு கையில் ஒரு பழைய கோணி. முகம் வெளிறியிருந்தது. கோழி தண்ணீர் டாங்க்கின் மேல் ஏறி நின்றுகொண்டு ஊரைக் கூட்டியது. கீழே படியில் அக்காவின் மூச்சு வாங்கல். இனி மறைக்க நேரமில்லை.

"யோவ், என்னை மன்னிச்சிடுய்யா" என்றேன். "இது சேவதான். எனக்கு மொதல் நாளே தெரியும். உன் தோஸ்து பொட்டிலியே எழுதித்தான் அனுப்பிச்சாரு. நான்தான் கிழிச்சிப் பரண்ல போட்டுட்டேன். நீ எழுந்து உக்காந்துட்ட, எனக்குச் சொல்ல மனசு வரல."

"இன்னான்னு எழுதி அனுப்பிச்சான்?"

"மேல்னு."

"மேல்னா?"

"நீ சொல்வியே, மேல், ஃபீமேல்னு. அந்த மேல். அம்பு வேற போட்டிருந்துச்சு."

இவர் என்னைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "பொட்டி மூடியிலயா எழுதியிருந்துச்சு?"

"ஆமா."

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பிடிக்கப் போனேன். தடி கீழே விழுந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் சிரித்தார், எட்டு மாசத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்துச் சிரித்தார்.

"அடி லூசே! அது மேல்மே! மேலே! இந்தப் பக்கம் மேலே இருக்கணும், கவுத்து வெக்காதன்னு பஸ்காரனுக்கு எழுதியிருக்கான்! பொட்டி படிக்கிற உத்தியோகம் உனக்கு!"

தினமும் குறைந்தது இருநூறு பெட்டியில் அம்புக்குறி பார்க்கிறவள் நான். இந்தப் பக்கம் மேலே என்று எங்கெங்கிருந்தோ வந்த பெட்டியெல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறது, ஆனால் எல்லாம் இங்கிலீஷில். பதினாறு வருஷத்தில் ஒரு பெட்டிகூட என்னிடம் தமிழில் பேசியதில்லை. பேசிய ஒரே பெட்டியை இங்கிலீஷ் என்று படித்துவிட்டேன்.

அதற்குள் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். "இன்னா சிரிப்பு இங்க? முட்டை எங்க?"

"முட்டையா?"

"பின்ன? முட்டை உட்டுட்டுத்தானே இந்தக் கொக்கரிப்பு கொக்கரிக்குது. எங்க வூட்டுக்காரரு படுத்துக்கினே சொல்றாரு, மேல கோழி முட்டை உட்டுடுச்சி, காக்கா கொத்துறதுக்குள்ள போய் எடுன்னு. ரெண்டு பேரும் நின்னுகினு கீறீங்களே."

கூவுவதற்கும் கொக்கரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் நாங்கள் இருவரும் வெலவெலத்து நின்றிருக்கிறோம். தூக்கம் கெட்டுவிடுமே என்று யாருக்காக நான் ஆறு மாசம் பயந்தேனோ, அவருக்குப் படுக்கையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மூவரும் தேடினோம். டாங்க்குக்குப் பின்னால் பழைய சாமான் போடுகிற மூலையில் இவருடைய மஞ்சள் ஹெல்மெட் மல்லாக்கக் கிடந்தது. விழுந்த அன்று தலையில் இருந்தது. வீட்டில் கண்ணில் படக் கூடாதென்று நான்தான் கொண்டுபோய் அங்கே பழந்துணியோடு போட்டிருந்தேன். அதற்குள் துணிக்கு நடுவில் ஒரு முட்டை, சின்னதாக, தவிட்டு நிறத்தில், ஒரு கோடு ரத்தத்தோடு. இவர் குனிந்து எடுத்தார். எட்டு மாசத்தில் அவர் அப்படிக் குனிந்து நான் பார்க்கவில்லை. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. அந்தச் சூடு பட்டதும்தான் என் நெஞ்சிலிருந்து மூச்சு முழுதாக வெளியே வந்தது. பொட்டை. மெய்யாலுமே பொட்டை. நான் சொன்ன மூன்று பொய்யும் முதலிலிருந்தே உண்மையாக இருந்திருக்கிறது.

முட்டையை அக்காவிடமே கொடுத்தேன். முதல் முட்டை உங்களுக்குத்தான் என்றேன். மூன்று பொய்க்கு ஒரு முட்டை, அவருக்குக் கணக்குத் தெரியாது. அக்கா முகமெல்லாம் பல்லாக இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு கேட்டேன். "ஆமா, உன் கைல எதுக்குய்யா கோணி?"

இவர் தலையைச் சொறிந்தார். "நீ கத்தக் கூடாது."

"சொல்லு."

"கொண்டை செவந்தப்பவே நான் சேவன்னுதான் நெனைச்சேன். இருட்டா இருந்தா கூவாதுன்னு ஃபோன்ல எவனோ வீடியோ போட்டிருந்தான். அதான் விடியறதுக்கு முன்ன வந்து கிரேட் மேல கோணிய மூடிடுவேன். ஏழு மணிக்கு வந்து எடுத்துடுவேன். இன்னிக்கு எடுத்து உட்டப்புறம் கத்தவும், கூவிடுச்சின்னு ஓடியாந்தேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீதான் பொட்டை பொட்டைன்னு அவ்ளோ குஷியா எல்லார்கிட்டியும் சொல்லிக்கினு இருந்தியே. உன் மூஞ்சப் பாத்து எப்டி சொல்றது?"

நான் நவநாள் என்று நினைத்தது கோணி. அவர் கோணி என்று நினைத்தது, அதுவும் இல்லை, பாவம் அது கூவுகிற ஜாதியே இல்லை. ஒருவருக்குப் பயந்து ஒருவர் மறைத்து, ஒரு பொட்டைக்கோழியை இரண்டு பேரும் சேவலாகவே வளர்த்திருக்கிறோம். பதினெட்டுப் படி ஏறி, பதினெட்டு இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, டாக்டர் சொல்லி நடக்காத கால் அந்தப் பயத்தில் நடந்திருக்கிறது. பொட்டைதான் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் விடியுமுன் இவர் கட்டிலைவிட்டு இறங்கியிருக்கவே மாட்டார்.

மத்தியானம் சினேகிதருக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பொரிந்தார். "நீதானம்மா சொன்ன! பெட்டில மேல்னு எழுது, மேல்னு எழுதுன்னு அந்தக் கத்து கத்துன. நானும் சரி, கவுத்துருவானுவன்னு சொல்லுதான்னு நெனச்சி அம்பும் போட்டு அனுப்புனேன். ஆணா பொண்ணான்னு ஒரு நாள் குஞ்சப் பாத்து எனக்கு எப்படித் தெரியும்?"

என் வீட்டுக்காரர் ஃபோனைப் பிடுங்கி அரை மணி நேரம் பேசினார். டீக்கடைக் குரல். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், தண்ணீரைத் திறந்து விட வேண்டிய அவசியம் இல்லாமல்.

மறுநாள் பொழுது புலருமுன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம். அப்போதுதான் அது உறைத்தது. இனி கோணி வேண்டாம். கூவாது என்று தெரிந்துவிட்டது, இவர் எழுந்து போகக் காரணம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். ஆறு மாசம் அது சேவலாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டியவள், அந்த ஐந்து நிமிஷம், சேவலாகவே இருந்து தொலைத்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

கோயில் மணி அடித்தது. கட்டில் அசைந்தது. தடியைத் தேடுகிற சத்தம்.

"எங்கய்யா போற? அதான் பொட்டைன்னு தெரிஞ்சிடுச்சே."

"அதுக்கு? முட்டை உடற கோழி, நேரத்துக்குத் தொறந்து உட வேணாமா? நீ தூங்கு."

படியில் தடி விழுகிற சத்தத்தை எண்ணினேன். பதினெட்டு. மேலே கதவுத் தாழ்ப்பாள் திறந்தது. பிறகு எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியாது. அன்றைக்கு, எட்டு மாசத்தில் முதல் முறையாக, நான் வேலைக்கு லேட்.